டாக்டர் பார்க்கிறார், மாத்திரை கொடுக்கிறோம், அப்புறம் கேஸ் மேனேஜர் எதற்கு?

கேள்வி, பிப்ரவரி 9

"வேலூர் பக்கம் இருக்கிறோம். மகனுக்கு 20 வயது. காதில் யாரோ பேசுவதாகச் சொன்னான், எல்லோர் மேலும் சந்தேகம். சைக்கோசிஸ், முதல் தடவை, ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். மாத்திரை தொடங்கியிருக்கிறது. சென்னையில் ஒரு இடத்துக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே கேஸ் மேனேஜர் என்று ஒரு பெண்ணைப் போடுவார்களாம். வயது இருபத்தைந்துதான் இருக்கும். டாக்டர் பார்க்கிறார், மாத்திரையை என் மனைவி கையால் கொடுக்கிறாள். நடுவில் இன்னொரு ஆள் எதற்கு? வீட்டு விஷயத்தை வெளியாளிடம் ஏன் சொல்ல வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்."

பிப்ரவரி 9, இரவு 11.40

தேவை ஐயா. வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

என் தம்பிக்கு இது வந்தபோது இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். (அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஊர், ஆஸ்பத்திரி, மாத்திரை பெயர் எதுவும் வேண்டாம் என்றான். போடவில்லை.) முதலில் நாங்கள் போன இடத்தில் டாக்டர் மட்டும்தான். நல்ல மனிதர். ஆனால் வாசலில் அத்தனை பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தால் அவர்தான் என்ன செய்வார்? தூக்கம் வருதா, குரல் குறைஞ்சிருக்கா, சாப்பிடுறானா என்று மூன்று கேள்வி. சீட்டு. அடுத்த மாதம் வாங்க.

குரல் சில வாரத்தில் அடங்கிவிட்டது. எங்களுக்குக் கஷ்டம் அதற்கு அப்புறம்தான் ஆரம்பித்தது. மதியம் வரை எழுந்திருக்க மாட்டான். குளிக்கச் சொன்னால் "சரி" என்பான், குளிக்க மாட்டான். உடம்பு ஊதிக்கொண்டே போனது. அரியர் ஏறியது. கூடப் படித்தவர்கள் போன் பண்ணினால் எடுக்க மாட்டான். "எனக்கு ஏன்கா இப்படி ஆச்சு?" என்று ராத்திரி வந்து கேட்பான். பெரியப்பா ஒருபக்கம் ஏழரைச் சனி என்றார். இன்னொருபக்கம், ஒரு கல்யாணத்தைப் பண்ணிவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு அத்தை. இதில் எதை அந்த மூன்று கேள்விக்குள் சொல்வது?

மாத்திரை அட்டையை எண்ணியது நான். நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தது நான். அவன் என்னை ஹாஸ்டல் வார்டனைப் பார்ப்பதுபோல் பார்க்க ஆரம்பித்தான்.

பிறகு வேறு இடத்துக்கு மாறினோம், அங்கே கேஸ் மேனேஜர் இருந்தார், அதாவது நோயாளியையும் வீட்டாரையும் தொடர்ந்து பார்த்துக்கொள்ளவென்றே ஒருவர். மேடம் என்றுதான் கூப்பிடுவோம், வயது என்னைவிடக் குறைவு. முதல் தடவை வீட்டுக்கு வந்த அன்று நடந்ததை மட்டும் சொல்கிறேன். தம்பி அவன் அறை ஜன்னல் முழுக்க தினத்தாள் ஒட்டிவைத்திருந்தான், எதிர்வீட்டுக்காரர்கள் பார்க்கிறார்கள் என்று. அதைக் கிழிக்கச் சொல்லி வீட்டில் தினம் சண்டை. மேடம் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். குரல் கேட்கிறதா என்று கேட்கவில்லை, பேப்பர் ஏன் என்றும் கேட்கவில்லை. "ரொம்பப் புழுக்கமா இருக்கே, உங்களுக்கு எப்படித் தூக்கம் வருது?" என்றார். வரவில்லை என்றான். "மேல் பாதியை மட்டும் எடுத்தா காத்து வரும், வெளியிலிருந்து யாரும் பார்க்கவும் முடியாது. எடுக்கணுமா வேண்டாமான்னு நீங்களே பாருங்க" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அவர் கிளம்பியதும் தம்பி ஸ்டூல் போட்டு ஏறி மேல் பாதியை நகத்தால் சுரண்டி எடுத்தான்.

டாக்டருக்கும் எனக்கும் நடுவில் என்ன இடம் காலியாக இருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிப்ரவரி 10, காலை

"கேஸ் மேனேஜர் என்பவர் கவுன்சிலரா, நர்ஸா, சோஷியல் ஒர்க்கரா?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர்.

எதுவாகவும் இருக்கலாம். 1992-ல் மெல்போர்னில் பாட்ரிக் மெக்காரி என்ற மனநல மருத்துவரின் குழுவினர், சைக்கோசிஸ் ஆரம்பித்த இளைஞர்களுக்கென்று தனியாகத் தொடங்கிய எப்பிக் என்ற சேவைதான் இதில் முன்னோடி. அங்கே சைக்காலஜி படித்தவர், நர்ஸ், சோஷியல் ஒர்க்கர், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் யாரும் இந்த வேலையைச் செய்யலாம். சென்னையில் நான் பார்த்தவர்கள் பெரும்பாலும் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி) அல்லது எம்.எஸ்சி. சைக்காலஜி.

படிப்பைவிட முக்கியம், ஒருவர் எத்தனை பேரைப் பார்க்கிறார் என்பது. டென்மார்க்கில் இதே மாதிரி நடக்கும் ஓபஸ் என்ற திட்டத்தில் ஒருவருக்குச் சுமார் 10 பேர். இங்கிலாந்தில் வைத்திருக்கும் அளவு 15. எண்பது பேரைக் கையில் கொடுத்துவிட்டு கேஸ் மேனேஜர் என்று அட்டை மாட்டினால், அவரால் போன் பண்ணி "நாளைக்கு ஓ.பி. இருக்கு, வந்துடுங்க" என்று சொல்லத்தான் முடியும்.

பிப்ரவரி 10, இரவு

"இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர் ஏற்பாடு. பதினெட்டு வயதில் பிள்ளைகள் வீட்டை விட்டுப் போய்விடுவார்கள், அதனால் அவர்களுக்குக் கூலிக்கு ஆள் தேவை. நமக்குக் குடும்பம் இருக்கிறது." மதுரை அண்ணன் எழுதியிருப்பது. நிறையப் பேர் லைக் போட்டிருக்கிறீர்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பாதி உண்மை. சென்னையில் உள்ள ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பும் (1984-ல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கியது) கனடாவின் மான்ட்ரியலில் முதல் தடவை சைக்கோசிஸ் வந்தவர்களுக்கென்று உள்ள பெப் சேவையும் சேர்ந்து ஒரு ஆய்வு செய்தார்கள். இங்கிருந்து டாக்டர் தாரா, அங்கிருந்து அசோக் மல்லா, ஸ்ரீவித்யா ஐயர் எல்லாம் அதில் உண்டு. முதல் தடவை சைக்கோசிஸ் வந்தவர்கள் சென்னையில் 168 பேர், மான்ட்ரியலில் 165 பேர். இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி சிகிச்சை, இரண்டு வருடம். பாதியில் நின்றுவிட்டவர்கள் மான்ட்ரியலில் 19 சதவீதம், சென்னையில் 1 சதவீதம். குரல், சந்தேகம் இவையெல்லாம் இரண்டு ஊரிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி குறைந்தன. மந்தமாகிப் போவது, முகத்தில் உணர்ச்சி இல்லாமல் இருப்பது, எதிலும் நாட்டமில்லாமல் உட்கார்ந்திருப்பது என்று இன்னொரு பக்கம் இருக்கிறதே, அதில் சென்னைக்காரர்கள் கூடுதலாகத் தேறினார்கள். குடும்பம் கூடவே நின்றது முக்கியக் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

அண்ணன் இதைத்தான் தனக்குச் சாதகமாகச் சொல்வார். ஆனால் சென்னையிலும் அந்த 168 பேருக்கும் கேஸ் மேனேஜர் இருந்தார் என்பதை விட்டுவிடக் கூடாது. குடும்பம் மட்டும் போதும் என்று அந்த ஆய்வு எங்கேயும் காட்டவில்லை. குடும்பமும் நின்று, அதைத் தாங்க ஒரு ஆளும் இருந்தால் என்ன நடக்கும் என்பதைத்தான் காட்டியது.

குடும்பம் மட்டும் இருந்து, கூட யாரும் இல்லை என்றால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டில் பார்த்தோம். அம்மாவுக்குச் சுகர் ஏறியது. அப்பா பேச்சைக் குறைத்துக்கொண்டார். எனக்குக் கிடைத்த வேலையை நான் வேண்டாம் என்றேன்.

பிப்ரவரி 12

"குடும்பத்தைத் தாங்குவது என்றால் என்ன, ஆறுதல் சொல்வதா?" என்று மெசேஜில் ஒரு அக்கா கேட்டார்.

ஆறுதல் கொஞ்சம்தான். வேலைதான் அதிகம். உதாரணத்துக்கு, நாங்கள் அவனிடம் பேசும் விதம். ஐம்பதுகள், அறுபதுகளில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்பவர் கவனித்த ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போனவர்களில், ஓயாத குறை சொல்லலும் சிடுசிடுப்பும் அளவுக்கு மீறிய பொத்திக்காப்பும் இருக்கிற வீட்டுக்குப் போனவர்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பியது. பிறகு பல நாட்டில் பார்த்தும் அதே கதைதான். வீட்டார் கெட்டவர்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பயந்துபோன வீடு அப்படித்தான் பேசும். "மாத்திரை போட்டியா? ஏன் போடல? குளிச்சியா? ஏன் குளிக்கல?" காலையிலிருந்து ராத்திரி வரை எங்கள் வீட்டில் அவன் காதில் விழுந்தது இவ்வளவுதான்.

மேடம் செய்தது இது. மாத்திரைக்கு ஒரே நேரம், இரவுச் சாப்பாடு முடிந்ததும். கேட்பது அம்மா மட்டும், ஒரு தடவை மட்டும். நான் கேட்கவே கூடாது. "நீங்க அவருக்கு அக்காவா இருங்க, அது போதும். மத்தது என் வேலை" என்றார். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த வாரமே அவனும் நானும் பழையபடி கேரம் ஆட உட்கார்ந்தோம். நடுவில் அவன், "என்னக்கா, முழுங்கினதுக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கலையா?" என்றான். வெகுநாளைக்கு அப்புறம் அந்த வீட்டில் இருவரும் சத்தமாகச் சிரித்தோம்.

மதுரை அண்ணனுக்கு என் பதில் முழுக்க இதில்தான் இருக்கிறது. நம் ஊரில் கேஸ் மேனேஜர் குடும்பத்துக்குப் பதிலாக வருகிற ஆள் கிடையாது. அவர் இருந்தால்தான் அம்மா அம்மாவாக இருக்க முடியும், அக்கா அக்காவாக இருக்க முடியும்.

பிப்ரவரி 13

வேலூர் ஐயாவின் இரண்டாவது கேள்வியை விட்டுவிட்டேன். வெளியாளிடம் சொல்வது.

உங்கள் மகன் அவரிடம் தனியாகச் சொல்வதை அவர் உங்களிடம் அப்படியே வந்து சொல்ல மாட்டார். அது உங்களுக்குக் கோபம் தரும், எங்களுக்கும் தந்தது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் ரகசியம் காப்பது நோயாளியின் உரிமை. உயிருக்கு ஆபத்து, அடுத்தவருக்கு ஆபத்து என்றால் அது வேறு. நடுவில் இருப்பதைத்தான் திறமையாகக் கையாள வேண்டும். தம்பி ஒரு சமயம் பாதி மாத்திரையை வாஷ்பேசினில் போட்டுக்கொண்டிருந்தான், காரணம் உடம்பு எடை. அவரிடம்தான் முதலில் சொல்லியிருக்கிறான். "டாக்டருக்கு இது தெரிஞ்சே ஆகணும். நீங்க சொல்றீங்களா, நான் கூட இருக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். அவனே சொன்னான். டாக்டர் திட்டவில்லை. எடை, இடுப்பளவு, சுகர், கொழுப்பு எல்லாம் பார்த்துவிட்டு மருந்தை மாற்றினார். எங்களிடம் முதலில் சொல்லியிருந்தால் வீட்டில் பெரிய ரகளை ஆகியிருக்கும், மாத்திரை அப்படியே நின்றிருக்கும்.

அதே சட்டத்தில், சிகிச்சை விஷயத்தில் தனக்குத் துணையாக நின்று முடிவெடுக்க உதவ, நியமனப் பிரதிநிதி என்று ஒருவரை நோயாளியே எழுதிக் கொடுக்கலாம். தெளிவாக இருக்கும்போது பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தம்பி என் பெயரைப் போட்டான்.

பிப்ரவரி 16

கல்லூரி பற்றிக் கேட்டவருக்கு.

சான்றிதழில் நோயின் பெயர் இருக்க வேண்டியதில்லை. "சிகிச்சையில் இருந்தார், இப்போது படிப்பைத் தொடரலாம்" என்று டாக்டர் எழுதினால் போதும். எங்களுக்கு இதைச் சொன்னதே மேடம்தான். எச்.ஓ.டி.யைப் பார்க்கத் தம்பியோடு அவரும் வந்தார். நாங்கள் எடுத்த எடுப்பில் எல்லா அரியரையும் சேர்த்து எழுது என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அந்த செமஸ்டரில் இரண்டு பேப்பர் மட்டும் என்று அவர்கள் இருவரும் முடிவு செய்தார்கள். இரண்டும் போனது என்று நினைத்தான், ஒன்று வந்தது. அந்த ஒரு பேப்பருக்கு அப்புறம்தான் காலையில் அவனாக எழுந்தான்.

படிப்பையும் வேலையையும் "முழுசாகக் குணமானதும் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். வயது இருபதில் இரண்டு வருடம் சும்மா உட்கார்ந்தால், அதற்கப்புறம் நோயைவிட அந்த இரண்டு வருடம்தான் பெரிய பாரமாக இருக்கும்.

பிப்ரவரி 20

எத்தனை நாளைக்கு கேஸ் மேனேஜர் வேண்டும் என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. ஓபஸில் 547 பேரைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு இரண்டு வருடம் இந்தச் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு வருட முடிவில் வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களைவிட நன்றாக இருந்தார்கள். ஐந்தாவது வருடம் பார்த்தால் நோய் அறிகுறிகளில் அந்த வித்தியாசம் இல்லை. ஆனால் விடுதிகளில் பராமரிப்பில் இருந்தவர்கள் குறைவாகவே இருந்தார்கள். மான்ட்ரியலில் இரண்டு வருடம் முடித்த 220 பேரில் பாதிப்பேருக்கு இன்னும் மூன்று வருடம் நீட்டினார்கள், அவர்கள் கூடுதல் காலம் நோய் இல்லாமல் இருந்தார்கள். டென்மார்க்கில் அப்படி நீட்டியதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, அங்கே வழக்கமான சிகிச்சையே நன்றாக இருப்பது காரணமாக இருக்கலாம். நம் ஊரில் இரண்டு வருடம் முடிந்ததும் போய் நிற்கும் இடம் மறுபடி அந்த மூன்று கேள்வி ஓ.பி.தான். அதனால் நீட்டுவது நமக்கு இன்னும் அவசியம் என்பது என் கருத்து.

இன்னொன்று. இதை எழுதவா என்று யோசித்தேன், எழுதுகிறேன். எங்கள் மேடம் நடுவிலேயே போய்விட்டார். ப்ராஜெக்ட் முடிந்தது, கான்ட்ராக்ட் முடிந்தது. இந்த வேலைக்கு நம் ஊரில் தரும் சம்பளமும் பெரிதாக இல்லை. மாறப்போகிறார் என்று எங்களுக்குச் சொன்னதே கடைசி விசிட்டில்தான், அது நிர்வாகத்தின் ஏற்பாடு. அவர்மேல் குறை இல்லை. தம்பி ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை.

ஆள் மாறாமல் இருப்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். அதில் இப்போது கொஞ்சம் சேர்க்க வேண்டும். ஆள் மாறுவார். அவர் எழுதி வைத்துவிட்டுப் போனது மாறாது. தம்பியும் அவரும் உட்கார்ந்து ஒரு பக்கத்தில் எழுதிய தாள் ஒன்று எங்களிடம் இருக்கிறது, நோய் திரும்பி வரும்போது அவனுக்கு என்னென்ன வரிசையில் வரும் என்று. முதலில் தூக்கம் குறையும். அடுத்து, பாட்டு ஓடாமலே காதில் இயர்போன் மாட்டியிருப்பான். மூன்றாவது, வீட்டுச் சாப்பாட்டைத் தொட மாட்டான், அவித்த முட்டை மட்டும், அதுவும் தானே ஓடு உரித்து. ஓடு மூடியிருப்பதால் அதில் யாரும் எதையும் கலக்க முடியாது என்பது அவன் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்று அவன் கையெழுத்திலேயே இருக்கிறது.

போன வருடம் இயர்போன் கட்டத்திலேயே பிடித்துவிட்டோம். புதிதாக வந்த கேஸ் மேனேஜரிடம் அந்தத் தாளைத்தான் காட்டினோம், டாக்டர் மருந்தைச் சரிசெய்தார், அட்மிஷன் இல்லாமல் போயிற்று. நியூயார்க்கில் முதல் தடவை நோய் வந்தவர்களை வைத்து 1999-ல் வந்த ஒரு ஆய்வில், ஐந்து வருடத்துக்குள் பத்தில் எட்டுப் பேருக்கு ஒரு தடவையாவது திரும்பியிருக்கிறது. மருந்தை விட்டவர்களுக்கு ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு. இதைப் படித்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். அதற்காகத்தான் அந்தத் தாள்.

பிப்ரவரி 21

அறந்தாங்கி பக்கத்திலிருந்து எழுதியவருக்கு. "சென்னையில் இருப்பவர்களுக்குச் சரி, எங்களுக்கு?" என்று கேட்டது நியாயம்.

உங்கள் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே 2010-ல் ஸ்கார்ஃப் பஸ்ஸில் டெலிசைக்யாட்ரி கொண்டுவந்தது. டாக்டர் திரையில், மருந்து பஸ்ஸில், ஊர் ஊராகப் போய்ப் பார்த்தவர்கள் களப்பணியாளர்கள். 2014-ல் வெளியான இன்னொரு ஆய்வு தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிராவின் சதாரா மூன்றிலும் நடந்தது, 282 பேர். வீட்டுக்குப் போய் மாத்திரை, குடும்பம், வேலை, சக மனிதர் தொடர்பு எல்லாவற்றையும் பார்த்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். பெரிய டிகிரி இல்லை, பயிற்சி கொடுத்து மேற்பார்வையில் வைத்தார்கள். பலன் பிரமாதம் என்று சொல்ல முடியாது, ஆனால் வழக்கமான சிகிச்சை மட்டும் எடுத்தவர்களைவிடத் தேறினார்கள். அவர்கள் முதல் தடவை நோய் வந்தவர்கள் அல்ல, நோய் முற்றி இருந்தவர்கள். ஆரம்பத்திலேயே இப்படி ஒரு ஆள் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்பதுதான் என் ஆதங்கம்.

இப்போதைக்கு மாவட்ட மனநலத் திட்ட டாக்டரைப் பாருங்கள், குழுவில் சோஷியல் ஒர்க்கர் இருக்கிறாரா என்று கேளுங்கள். அவசரத்துக்கு அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழில் பேசலாம்.

மனநோய் தீரும் என்று நம்பிப் போகிற குணசீலம் பெருமாள் கோவிலுக்குப் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். போய் வாருங்கள், அம்மா எங்களையும் கூட்டிப் போனார். மாத்திரை அட்டையைப் பையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

மார்ச் 2

வேலூர் ஐயா சனிக்கிழமை போவதாக எழுதியிருக்கிறார். சந்தோஷம்.

பழைய சீட்டு, ரத்தப் பரிசோதனை எல்லாம் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துப் போங்கள். உள்ளே மகன் முதலில் தனியாகப் பேசட்டும், நீங்கள் அப்புறம் போங்கள். கேட்க வேண்டியதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அங்கே போனால் மறந்துவிடும்: நீங்கள் எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள், ராத்திரி ஏதாவது என்றால் யாரைக் கூப்பிடுவது, நீங்கள் லீவில் இருந்தால் யார், வேலையை விட்டுப் போவதாக இருந்தால் எங்களுக்கு எவ்வளவு முன்னால் சொல்வீர்கள். கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

உங்கள் மனைவியையும் கட்டாயம் கூட்டிப் போங்கள். மாத்திரை கொடுப்பது அவர், ராத்திரி விழித்திருப்பதும் அவராகத்தான் இருக்கும். அவரிடமும் தனியாகப் பேசச் சொல்லுங்கள்.